பழைய ரயில் நிலையத்தை மறுபடி கட்டுவதா?

கேள்வி, மார்ச் 4

"ரவாங்குக்கு வடக்கே இருக்கும் நம் ஊரின் பழைய ரயில் நிலையத்தை ரப்பர் தோட்டங்களுக்காகத்தான் வெள்ளைக்காரர்கள் கட்டினார்கள். ரப்பர் இல்லையென்றால் ரயில் இல்லை, ரயில் இல்லையென்றால் ஊர் இல்லை. இரட்டைத் தண்டவாளம் போட்டபோது அந்த மரக் கட்டடத்தை இடித்துத் தள்ளினார்கள். கொம்யூட்டர் மின்ரயில் வந்தது, ஊரின் உயிர் போனது. அதே அச்சில் ஒரு கட்டடத்தை எழுப்பி அருங்காட்சியகமாக்க வேண்டும் என்கிறேன். யார் யார் என் பக்கம்?"

மார்ச் 4, மாலை

நான் இல்லை, தம்பி. முதலில் அந்த ரப்பர் கணக்கைப் பார்ப்போம். ரயில் ரவாங்குக்கு வந்தது 1892-இல், கோலகுபுவைத் தொட்டது 1894-இல். மலாயாவில் ரப்பரை வியாபாரத்துக்கென்று முதலில் நட்டவர் மலாக்காவின் டான் சாய் யான். அது 1896. நட்ட கன்று வெட்டுக்கு வர இன்னும் ஆறேழு ஆண்டு வேண்டும். நம் ஊர் வழியாகத் தண்டவாளம் ஓடியபோது இங்கே வெட்டுவதற்கு ஒரு பால்மரமும் இல்லை.

இருந்தது ஈயம். 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்ட முதல் பாதையும், மறு ஆண்டு கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றோரம் புக்கிட் கூடாவுக்குப் போட்ட பாதையும் ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகப் பிறந்தவை. நம்முடையதும் அந்தக் குடும்பம்தான். தோட்டங்கள் பிறகு வந்தன. தண்டவாளம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதன் ஓரமாகவே வந்தன. துரைமார்கள் ஒன்றும் அசடர்கள் இல்லை.

ரவாங் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1894-இல் அங்கே ஈயச் சுரங்கத்தில் மின்சாரத்தைக் கொண்டுவந்தவர்கள் லோக் இயூவும் நம் தம்புசாமிப் பிள்ளையும். கோலாலம்பூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

மார்ச் 4, இரவு

"கொம்யூட்டர் வந்தது, ஊரின் உயிர் போனது." இதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை.

கொம்யூட்டர் 1995-இல் தொடங்கியபோது வடக்கே ரவாங்கோடு நின்றுவிட்டது. ராசா வரைக்கும் 2007 ஏப்ரலில்தான் வந்தது, கோலகுபு பாருவுக்கு 2008-இல். தஞ்சோங் மாலிமுக்கு 2009-இல். அதற்குள் என் அம்மா பால் வெட்டிய தோட்டம் கைமாறி, மரம் சாய்ந்து, மனை பிரித்து, பாதி வீடு எழும்பிப் பாதி வீடு எழும்பாமல் புல் முளைத்துக் கிடந்தது. புக்கிட் பெருந்தோங், புக்கிட் செந்தோசா எல்லாம் தொண்ணூறுகளில் வந்தவை, நினைவிருக்கிறதா? தோட்டத்து லய வீடுகளை விட்டுக் கிளம்பியவர்கள் ரயில் ஏறிக் கிளம்பவில்லை. லாரியில் சட்டிபானையை ஏற்றிக்கொண்டு போனார்கள். கொலை நடந்து பத்து ஆண்டு கழித்துத் தெருவுக்குள் வந்தவனைப் பிடித்துக் கொலைகாரன் என்கிறீர்கள்.

எனக்குக் கொம்யூட்டர் என்ன செய்தது என்று கேளுங்கள். அதற்கு முன்பு கோலாலம்பூரில் வேலை என்றால் விடியுமுன் தம்பியின் மோட்டார் சைக்கிளில் பசார், அங்கிருந்து பஸ்ஸில் ரவாங், அப்புறம்தான் ரயில். மழைக்காலத்தில் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது சேலையின் கீழ்விளிம்பு சேறாக இருக்கும். என்னோடு படித்த பெண்கள் பலர் அந்த அலைச்சலுக்குப் பயந்தே தோட்டத்து ஆபீசிலும் பசார் துணிக்கடையிலும் தங்கிவிட்டார்கள். பாதை இங்கே வந்தபின் அவர்களுடைய மகள்கள் வீட்டிலிருந்தே நகரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். 2010-இல் பெண்களுக்கென்று தனிப் பெட்டியும் வந்தது. இதை உயிர் போனது என்று எழுத ஓர் ஆணால்தான் முடியும்.

பசாரில் கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டது உண்மை. ரவாங்கில் பேரங்காடி வந்தது, கையில் டிக்கெட்டும் வந்தது. அது வேறு வழக்கு.

மார்ச் 6

ஒரு தங்கை கேட்டிருந்தார், பழைய நிலையம் எப்படி இருந்தது, படம் உண்டா என்று. படம் இல்லை. அந்தக் காலத்தில் எங்களிடம் கேமரா இருந்திருந்தால் ஸ்டேஷனையா எடுத்திருப்போம்?

நினைவில் இருப்பதைச் சொல்கிறேன். பலகைச் சுவர், முன்பக்கம் நீண்ட கூரைச் சார்ப்பு, ஒரு டிக்கெட் சன்னல், கோழிக்கூடையும் டுரியான் சாக்கும் நிறுக்கிற தராசு. மேடை தாழ்வானது. பெட்டிக்குள் போகப் படி ஏற வேண்டும். சேலை கட்டிய கிழவிகளை முன்னால் ஒருவர் இழுப்பார், பின்னால் ஒருவர் தள்ளுவார். டிக்கெட் கட்டியான சிறு அட்டை, வண்டியோடு வரும் கார்டு துளை போடுவார். துளை விழுந்த அட்டைகளைச் சேர்த்து நாங்கள் பஸ் கண்டக்டர் விளையாட்டு விளையாடினோம். ரயில்வே பிள்ளைகள் ஏன் பஸ் விளையாட்டு விளையாடினோம் என்பது இப்போதுதான் தோன்றுகிறது!

ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடாமலிருக்க டோக்கன் முறை. ஒரு துண்டுப் பாதைக்கு ஒரு டோக்கன். அது கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு நகரக் கூடாது. நிற்காமல் போகும் வண்டியென்றால் பெரிய வளையத்தில் டோக்கனைக் கோத்து நீட்டுவார்கள், இஞ்சினிலிருப்பவர் ஓட்டத்திலேயே கையை நுழைத்துப் பிடித்துக்கொள்வார். சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் 2011 ஜூன் கடைசி வரைக்கும் இந்த வளைய மாற்றல் நடந்தது. கடைசி மாதத்தில் அதைப் படமெடுக்கக் கூட்டம் திரண்டதாம். எங்கள் ஸ்டேஷனில் அதைப் பார்க்க நாங்கள் நாலு பிள்ளைகளும் ஒரு நாயும்தான்.

என் அப்பா தண்டவாள கேங்கில் வேலை செய்தார். மண்டோர் ஒருவர், அவருக்குக் கீழே ஆட்கள். எல்லாரும் தமிழர்கள். காலையில் ஒருவர் சுத்தியலோடு தன் பகுதி முழுவதும் நடந்து, எங்காவது ஆணி தளர்ந்திருக்கிறதா, கட்டை உளுத்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார். மற்றவர்கள் கடப்பாரையை ஒருசேர நுழைத்துப் பாட்டோடு தண்டவாளத்தை நெம்பி நேராக்குவார்கள், கட்டைக்கடியில் சரளையை இடித்து இறுக்குவார்கள். வெயிலில் அந்த இரும்பைத் தொட்டால் தோல் உரியும். இரவு மழையில் மண் சரிந்தால் ஆள் வந்து குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டுவார், அப்பா லாந்தரோடு போவார்.

தம்பி, உங்கள் மரக் கட்டடத்தைப் பற்றி எனக்கிருக்கும் உறுத்தல் இதுதான்: அப்பா அந்த அலுவலக அறைக்குள் நுழைந்து நான் பார்த்ததே இல்லை. ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சன்னலுக்கு வெளியே, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். அந்த அறையை அப்படியே கட்டி, மேசையும் கடிகாரமும் வைத்து, வாசலில் கயிறு கட்டினால், அப்பாவின் இடம் மறுபடியும் கயிற்றுக்கு இந்தப் பக்கம்தானே?

மார்ச் 7

ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பத்து ஐயா ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். தன் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேக்கே வாழ்ந்தவர், அவரைத் திமிர் பிடித்தவர் போல் காட்டுகிறேன் என்கிறார்.

ஐயா, நான் அப்படிச் சொல்லவில்லை. மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்து வந்த யாழ்ப்பாணத்தவர்கள் இல்லாமல் மலாயா ரயில்வே ஒரு நாள் ஓடியிருக்காது, டிக்கெட் சன்னலிலும் கணக்கு மேசையிலும் அவர்கள்தான். வெயிலில் எங்கள் ஆட்கள், நிழலில் உங்கள் ஆட்கள், இருவருக்கும் மேலே வெள்ளைக்காரர். அந்த ஏற்பாட்டை உங்கள் தாத்தாவும் செய்யவில்லை, என் தாத்தாவும் செய்யவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் காலை வண்டியில் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள், நாங்கள் ரப்பர் காட்டு வழியாகத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கு நடந்தோம். ஒரே ரயில்வே, ஒரே மொழி, கோயில் மட்டும் வேறு.

ஆனால் ஒன்று சேர்த்தே சொல்ல வேண்டும். எங்கள் கால ஸ்டேஷன் மாஸ்டர் இரவு எட்டு மணிக்கு மேல் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு கேங் ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். அந்த மனுக்களைப் பற்றி எழுத வேண்டும், இப்போது நேரமில்லை.

மார்ச் 11

சயாம் ரயிலுக்கு ஆள் பிடித்துப் போனது நம் ஸ்டேஷனிலிருந்தா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். பாட்டி சொன்ன கதையில் இந்த மேடையும் வருகிறது. எதைச் சொன்னாலும் அவர் அந்த இடத்தில் நிறுத்தி வெற்றிலை எடுத்துக்கொள்வார், அதனால் நான் கோவையாகக் கேட்டதில்லை. பெரிய சங்கதி எல்லாருக்கும் தெரியும்: 1942, 43-இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை போட்டார்கள். போர்க்கைதிகளைப் பற்றிப் படங்கள் வந்தன, கல்லறைகள் இருக்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர், அவர்களில் ஏராளமானோர் காலராவிலும் பட்டினியிலும் அங்கேயே போய்விட்டார்கள். பெயர் எழுதிய கல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு விஷயம் பலர் யோசிப்பதில்லை. அங்கே போட்ட தண்டவாளத்தில் ஒரு பகுதி இங்கிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. கிழக்குக் கரைப் பாதையைப் பெயர்த்தார்கள், தம்பின்-மலாக்கா கிளைப் பாதையைப் பெயர்த்தார்கள். நம் ஆட்கள் பதித்த இரும்பை நம் ஆட்களே பெயர்த்து, அதே இரும்பை நம் ஆட்களே காட்டில் பதித்துச் செத்தார்கள். பாட்டியின் அண்ணன் திரும்பி வரவில்லை. அவருடைய ஆடு ஒன்றைப் பாட்டி வெகுநாள் விற்காமல் வைத்திருந்தாராம்.

அருங்காட்சியகம் என்றால் இந்தச் சுவருக்கு என்ன எழுதப் போகிறீர்கள் என்று யோசித்து வையுங்கள். "பிரிட்டிஷ் காலக் கட்டடக்கலை" என்று ஒரு பலகை மட்டும் மாட்டினால் நான் வந்து கழற்றுவேன்.

மார்ச் 12

பழைய ஸ்டேஷன் மணி காணாமல் போனதைப் பற்றி மூன்று பேர் துப்பறிகிறீர்கள். அது எந்த வீட்டில், எந்த அறையில், எதற்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரரும் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார். ஐயா, கதவு காற்றில் ஆடாமலிருக்க ஒரு செங்கல் போதும்.

மார்ச் 15

மனு விஷயம்.

ரயில்வேத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வெகுகாலம் தினக்கூலிகள். மழை பெய்து வேலை நின்றால் கூலி இல்லை, காய்ச்சலென்றால் கூலி இல்லை. 1962 டிசம்பரில் தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தம் மூன்று வாரத்துக்கு மேல் நாடு முழுவதையும் நிறுத்தியது. கேட்டதில் முக்கியமானது, தினக்கூலியை மாதச் சம்பளமாக்க வேண்டும் என்பது. அதில் வென்றார்கள். நான் பிறக்குமுன் நடந்தது. ஆனால் மாதச் சம்பளம் வந்தபின் பசார் சீனர் கடையில் முதன்முதலாகக் கணக்கு நோட்டு திறந்ததை அம்மா கல்யாணக் கதை போலச் சொல்வார். கடன் வாங்கும் தகுதி வந்துவிட்டது என்று அவ்வளவு சந்தோஷம்.

அடுத்து 1969. மே கலவரத்துக்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயம் என்று சட்டம் இறுகியது. குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் தோட்டத்திலும் ரயில்வேயிலும் நிறையப் பேர். இங்கேயே பிறந்தும் பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள், தோட்டத்து எழுத்தர் கிராணி பதியாமல் விட்டவர்கள், ஃபாரம் நிரப்பத் தெரியாதவர்கள். அவர்களுக்குத்தான் அந்த ஸ்டேஷன் மாஸ்டர் இரவில் மனு எழுதினார். சிலருக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை கிடைத்தது. கிடைக்காதவர்கள் கப்பல் ஏறினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படி இந்தியாவுக்குப் போயின. போனவர்களில் பலர் அந்த ஊரை அதற்குமுன் பார்த்ததே கிடையாது.

என் பெரியப்பா குடும்பம் இந்த மேடையிலிருந்துதான் கிளம்பியது. எனக்கு நினைவிருப்பது பெரியம்மா அழுதது இல்லை. அம்மிக்கல்லை எடுத்துப் போகலாமா கூடாதா என்று மேடையிலேயே நடந்த சண்டை. கார்டு விசில் ஊதிய பிறகும் சண்டை ஓயவில்லை. கல் இங்கேயே தங்கிவிட்டது. இன்றும் எங்கள் வீட்டில்தான் அரைக்கிறோம்.

யாழ்ப்பாணத்து ஐயா நேற்று எனக்குத் தனியாக எழுதினார், அந்த மனுக்களில் இரண்டு மூன்றின் நகல் தன் வீட்டில் இருக்கிறதாம். பெயர்களை மறைத்துவிட்டுக் காட்டச் சம்மதித்திருக்கிறார். இந்த இழையில் இதுவரை வந்தவற்றில் மதிப்புள்ள செய்தி இதுதான், என்னுடைய நீளமான பேச்சையும் சேர்த்தே சொல்கிறேன்.

மார்ச் 16

கெர்லிங்கிலும் களும்பாங்கிலும் கொம்யூட்டர் நிற்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை, நிற்பதில்லை. கோலகுபு பாருவை விட்டால் தஞ்சோங் மாலிம்தான். களும்பாங்கில் என் அத்தை வீடு. சன்னல் வழியாகக் கூரை தெரியும், இறங்க முடியாது. ஸ்டேஷன் இருக்கிற ஊர்க்காரர்கள் கட்டடம் போயிற்றே என்று அழுவதை அத்தை கேட்டால் துடைப்பத்தோடு வருவார்.

மார்ச் 20

சரி, என்னதான் செய்ய வேண்டும் என்று தம்பி நேராகக் கேட்டுவிட்டார். சொல்கிறேன்.

பழைய ஸ்டேஷன் போய்விட்டது. கேங் குவார்ட்டர்ஸ் போய்விட்டது. கூட்ஸ் கொட்டகை போய்விட்டது. ஆனால் தண்டவாளம் போட்டவர்கள் தங்கள் கையால், தங்களுக்காகக் கட்டியது ஒன்று நிற்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம், அரசமரத்தடியில், முனீஸ்வரன். நீங்கள் யாரும் இந்த இழையில் ஒரு வரிகூட அதைப் பற்றி எழுதவில்லை. ஓடு போட்டு, பெயின்ட் அடித்து, ஒலிபெருக்கி வைத்திருப்பதால் அது உங்களுக்குப் பழையதாகத் தெரியவில்லை.

தண்டவாளத்தோரம் முனீஸ்வரனை வைப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. சிங்கப்பூர் குயின்ஸ்டவுனில் இருக்கும் பெரிய முனீஸ்வரன் கோயிலும் 1932-இல் ரயில்வேத் தொழிலாளர்கள் தொடங்கியதுதான். இருட்டில் லாந்தரோடு காட்டுப்பாதையில் நடக்கிறவனுக்கு எந்தச் சாமி வேண்டுமோ அந்தச் சாமி.

அடுத்த முறை போகும்போது கோயில் முன்கொட்டகையின் கால்களைப் பாருங்கள். நான்கும் தண்டவாளத் துண்டுகள். அந்தக் காலத் தண்டவாளத்தின் பக்கவாட்டில் வார்த்த கம்பெனியும் ஆண்டும் புடைத்த எழுத்தில் இருக்கும். ஆண்டுதோறும் திருவிழாவுக்கு மஞ்சளும் சிவப்பும் பூசிப் பூசி அந்த எழுத்தை நாமே மூடிவிட்டோம். உள்ளே படி, செங்கால் மரக் கட்டை, பாதையிலிருந்து கழித்துப் போட்டது. இப்போது கீழே கான்கிரீட் கட்டைதான், மேலே 25,000 வோல்ட் மின்கம்பி. பழைய பாதையின் உடம்பு வேறெங்கும் இல்லை, கோயிலில் இருக்கிறது.

இரட்டைப் பாதை வேலை வந்தபோது கோயிலைச் சில அடி நகர்த்தச் சொன்னார்கள். நகர்த்தினோம். மாற்றிடம் உங்களுக்கே என்று வாயால் சொன்னார்கள். நம் ஆட்கள் தேங்காய் உடைத்துக் கைகுலுக்கிவிட்டு வந்துவிட்டார்கள். காகிதம் வாங்கவில்லை. பிறகு நில விவகாரம் பார்க்கும் ஓர் அலுவலகத்துக்குக் கமிட்டி நடையாய் நடந்தது. கோப்பு வேறு மேசைக்குப் போயிருக்கிறது என்பதுதான் பதில். தடம் அகலப்படுத்தும் பேச்சு மறுபடி வந்தால் அந்த இடத்தில் நமக்கு நிற்க ஒரு துண்டுத் தாளும் கிடையாது. ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதாமலிருப்பதும் அதனால்தான்.

இல்லாத கட்டடத்தைக் கட்டப் பணம் திரட்டுவதா, இருக்கிற கட்டடத்துக்குக் காகிதம் வாங்குவதா? எனக்கு இதில் இரண்டு யோசனை இல்லை.

மார்ச் 21

இரண்டு யோசனை இல்லை என்று எழுதிவிட்டுக் காலை வண்டியில் அதையே யோசித்தேன். எதிரே ஒரு பையன் தன் அம்மாவிடம் முன்பு இங்கே என்ன இருந்தது என்று கேட்டான். காடு என்றார் அவர். காடு! ஆகவே தம்பியின் கட்டடத்துக்கு நான் எதிரி இல்லை, வரிசைதான் முக்கியம். கோயில் காகிதம் முதலில். அப்புறம் ஸ்டேஷன் என்றால் குவார்ட்டர்ஸ் ஓர் அறையாவது சேர்த்துக் கட்டுங்கள். எட்டுப் பேர் படுத்த அறை எவ்வளவு சின்னது என்று பையன் பார்க்கட்டும்.

இதே வண்டி தஞ்சோங் மாலிமிலிருந்து போர்ட் கிள்ளான் வரைக்கும் மாறாமல் போகிறது. ரஜூலா கப்பலில் வந்த என் தாத்தா இறங்கியது அந்தத் துறைமுகத்தில்தான், அப்போது அது போர்ட் சுவெட்டன்ஹாம்.

ஏப்ரல் 2

கமிட்டி கூடியது. நாற்காலிக்கு நடந்த சண்டையை விட்டுவிடுகிறேன். ஒரு வழக்கறிஞர் தங்கை இலவசமாகப் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கேட்பது பழைமைக்கு அத்தாட்சி. வேண்டியவை: கோயில் வரி ரசீது, திருவிழா நோட்டீஸ், ரயில்வே சம்பளச் சீட்டு, குவார்ட்டர்ஸ் ஒதுக்கிய கடிதம், கோயில் தெரிகிற எந்தப் படமும். கல்யாண ஆல்பங்களை எடுங்கள். மணமக்களைப் பார்க்காதீர்கள், அவர்களுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். போன வாரம் ஓர் அக்கா அனுப்பிய படத்தில் மாப்பிள்ளையின் தலைப்பாகைக்கு மேலே பழைய கைகாட்டி சிக்னலும் அரசமரமும் ஒன்றாக நிற்கின்றன. இடத்தை நிரூபிக்க அது போதும் என்கிறார் வழக்கறிஞர்.

அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். கேள்வி கேட்ட தம்பியிடம் ஸ்கேனர் இருக்கிறது, சனிக்கிழமை காலை கோயிலில் இருப்பார். அருங்காட்சியக வரைபடத்தையும் கொண்டுவருவார். படங்களை ஸ்கேன் செய்து முடிக்கும் வரைக்கும் அதை அவர் விரிக்கக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறேன்.